கராச்சி – பம்பாய்: ஏழு மணி நேரத்தின் வரலாறு

தூரத்தைக் காலத்தால் அளப்பது தமிழில் பழைய வழக்கம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கக்கூடிய தொலைவுக்கு ‘நாழிகை வழி’ என்று பெயர். விமானப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதும் எத்தனை கிலோமீட்டர் என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்றே கேட்கின்றனர். வாகனத்தின் வேகம் கூடக்கூட ஊர்கள் நெருங்கிவரும் என்பது இவ்வழக்கினுள் உறையும் நம்பிக்கை. கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்ட வான்வழியின் வரலாறு அந்நம்பிக்கைக்கு இடந்தரவில்லை.

இவ்விரு துறைமுக நகரங்களுக்கிடையே நேர்க்கோட்டுத் தொலைவு 900 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1929 முதல் லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் கராச்சி வரை அஞ்சலைக் கொண்டுவந்தன. அதனைத் தெற்கே கொண்டுசெல்ல 1932 அக்டோபர் 15 அன்று காலையில், ஒற்றை எஞ்சின் பொருத்திய ‘புஸ் மாத்’ விமானத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் மாட்டுவண்டியில் வந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் அவர் பம்பாயின் ஜுஹு திடலை அடைந்தார். பயணத்துக்கு ஆன நேரம், இடையில் தங்கியதையும் சேர்த்து, ஏறத்தாழ ஏழு மணி. அங்கிருந்து அஞ்சலைப் பெற்றுக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார்.

1947இல் கராச்சி வேறொரு நாட்டின் நகரமானது. எனினும் வழி உடனே அடைபட்டுவிடவில்லை. 1982இல், தமது 78ஆம் வயதில், டாட்டா பழைய வகைச் சிறு விமானமொன்றில் அதே பயணத்தைக் கராச்சியிலிருந்து மீண்டும் மேற்கொள்ள முடிந்தது.

ஆனால் வழி அடைபடுவதற்கான முன்னுதாரணங்கள் அதற்கு முன்பே தோன்றியிருந்தன. 1971 தொடக்கத்தில் இந்திய விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதை அடுத்து, பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்பரப்பில் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. கராச்சியிலிருந்து டாக்கா செல்லும் விமானங்கள் இலங்கையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. தூரம் ஏறக்குறைய இரு மடங்கானது. ஒரே நாட்டின் இரு பகுதிகள், எந்த ஊரும் இடம்பெயராமலே, மேலும் விலகிப்போயின. பின்னர் 2002 தொடக்கம் முதல் ஈராண்டுகள் இரு நாடுகளுக்கிடையே வான்வழித் தொடர்பு அறவே நின்றது. 2019க்குப் பின்னரோ நேரடிப் பயணிகள் விமானமே இல்லை.

இன்று மும்பையிலிருந்து கராச்சி செல்ல வேண்டியவர் பெரும்பாலும் துபாய் போன்ற வளைகுடா நகரமொன்றின் வழியாகவே செல்ல வேண்டும். துபாய்க்கு 1,900 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கராச்சிக்கு ஏறக்குறைய 1,200. பறக்கும் நேரம் மட்டும் ஐந்து மணியளவு. இடைக் காத்திருப்பையும் கூட்டினால் ஏழு மணி நேரத்தை எளிதில் தாண்டும். ஜெட் விமானம் நேராகச் சென்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடியக்கூடிய பயணம், எண்ணெய் டின்களை மாட்டுவண்டியில் ஏற்றிவந்த காலத்தின் அளவுக்கே திரும்பியிருக்கிறது.

நாழிகை வழி என்ற அளவு, நடப்பவரின் கால்களை மட்டுமே கணக்கில் கொண்டது. வழி திறந்திருக்கும் என்பதை அது சொல்லாமலே எடுத்துக்கொண்டது. இரு நகரங்களுக்கிடையே பயண நேரம் எவ்வளவு என்ற வினாவுக்கு நிலப்படம் மட்டும் விடை தராது. எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.