கேட்பாரில்லாத வாக்குமூலம்

ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் அரண்மனைகளைப் போன்ற அரங்கங்களில் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, பெரிய படத்துக்குத் துணையாக ஓட்டுவதற்கென்று மலிவான படங்களை அவசர அவசரமாகத் தயாரித்த சிறு கம்பெனிகளும் அங்கே பிழைத்து வந்தன. அவற்றுக்கு ‘வறுமை வரிசை’ என்றே பெயர். அந்த வரிசையிலும் கடைக்கோடியில் இருந்த பி.ஆர்.ஸி. கம்பெனி 1945 நவம்பரில் வெளியிட்ட ‘டீடூர்’ என்ற 68 நிமிஷப் படம், 1992-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறும் அளவுக்கு நிலைத்துவிட்டது. அதன் கதாநாயகன் வாய்ச்சொல்லை நம்பலாமா என்ற ஓயாத விவாதத்துக்கு இந்த ஆயுளில் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

ஆல் ராபர்ட்ஸ் என்ற பியானோக்காரன், காதலியைத் தேடி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, வழியில் வரும் கார்களில் இடம் கேட்டுப் பிரயாணம் செய்கிறான். இடம் கொடுத்த ஹாஸ்கல் என்பவன், மழை பெய்யும் இரவில் ராபர்ட்ஸ் கதவைத் திறந்ததும் சரிந்து விழுந்து தலையில் அடிபட்டுக் கிடக்கிறான். போலீஸ் நம்பாது என்று அஞ்சிய ராபர்ட்ஸ், பிணத்தை மறைத்துவிட்டு, இறந்தவனுடைய பணம், உடை, கார், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். பின்னர், உண்மையைக் கண்டுகொண்டு அவனை மிரட்டும் வேரா என்ற பெண் டெலிபோனுடன் அறைக்குள் புகுந்து தாளிட்டுக்கொண்டபோது, அவள் போலீஸை அழைத்துவிடாதபடி, கதவுக்கு இப்புறம் நின்று கம்பியைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுக்கிறான். கதவை உடைத்து உள்ளே போனால், குடிமயக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தவளின் கழுத்தை அந்தக் கம்பியே இறுக்கியிருக்கிறது. அப்போது காமிரா அறையிலுள்ள பொருள்களின் மேல் ஒவ்வொன்றாக மங்கித் தெளிந்து, தெளிந்து மங்கி ஊர்ந்து செல்வதை, பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இவை யாவும் விதியின் விளையாட்டு என்று அவன் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவனுக்காக இரங்கியவர்கள் பலர். இரண்டு மரணங்கள், இரண்டும் விபத்து, இரண்டுக்கும் அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றால் சந்தேகம் வர வேண்டாமா என்று கேட்டவர்களில் ஆண்ட்ரூ பிரிட்டன் என்ற விமர்சகர் முக்கியமானவர். இந்தப் படத்துக்கு ஆதாரமான மார்ட்டின் கோல்ட்ஸ்மித்தின் 1939-ஆம் வருஷத்து நாவலில், நாயகன் ஒரு அத்தியாயம் சொன்னால் காதலி மறு அத்தியாயம் சொல்வாள். திரைக்கு வரும்போது அவள் குரல் நீங்கி, அவன் குரல் மட்டும் எஞ்சியது. சரிபார்ப்பதற்கு இருந்த ஒரே வாயும் இவ்வாறு அடைபட்டுப் போனபின், ரஸிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததில் வியப்பென்ன?

டைரக்டர் எட்கர் உல்மர் பிற்காலத்தில் இதை ஆறே நாளில் எடுத்ததாகச் சொன்னார், உலகமும் நம்பியது. ஆராய்ந்தவர்கள் அதைவிட அதிக நாட்களுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வறுமை பொய்யல்ல: நியூயார்க் வீதியைக் கட்டப் பணமில்லாமல், காதலர்களை மூடுபனிக்குள் நடக்கவிட்டிருக்கிறார். சில காட்சிகளில் படச்சுருளையே திருப்பிப் போட்டதால் காரோட்டி வலப்புறம் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர் வழக்கமும் அதுவே ஆகையால் நமக்கு அது தவறென்றே தோன்றாது.

என் வரையில், ராபர்ட்ஸ் நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் என்று நான் நினைக்கவில்லை. நெவாடாவின் சாலையோரச் சிற்றுண்டிக் கடையில், பெரிய காபிக் கோப்பையின் முன்னே, கண்களின் மேல் மட்டும் வெளிச்சம் விழ உட்கார்ந்திருக்கும் அவனை யாரும் விசாரிக்கவில்லை. என்றைக்கோ போலீஸார் கேட்கப்போகும் கேள்விகளுக்குரிய பதிலை, கேட்பாரில்லாமலே, அவன் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறான்.

குற்றவாளி தப்பக் கூடாது என்பது அக்காலத்துத் தணிக்கை விதி. ஆகவே முடிவில் ஒரு போலீஸ் கார் அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆனால் அவன் குரலோ, என்றாவது ஒரு நாள் அப்படி ஒரு கார் வந்து நிற்கும் என்று எதிர்காலத்தில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.