சென்னைப் பட்டணத்து மூன்று கற்கள்

சென்னையின் பூர்வ சரித்திரத்தை அறிய விரும்புவோர் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் அணிவகுத்து நிற்கும் சிலைகளிடம் சென்று, பீடங்களில் பொறித்த புகழுரைகளைப் படித்துவிட்டுத் திரும்புவர். என் மனம் நாடுவது அவற்றையன்று. எவரையும் ஸ்தோத்திரம் செய்வதற்காக அல்லாமல் ஏதோ ஒரு காரியத்துக்காக வைக்கப்பட்டு, அக்காரியம் முடிந்த பின்னும் அகற்றுவாரின்றி நின்றுவிட்ட கற்களே ஒரு நகரத்தின் வாழ்வை உள்ளபடி உரைப்பவை என்பது என் திடமான எண்ணம்.

பாரிமுனையில், டேர் ஹவுஸ் மாளிகையின் ஓரத்தில், நடைபாதை நெரிசலுக்கு நடுவே ஒரு கல் தூண் நிற்கிறது. 1773-ஆம் வருஷம் இவ்வாறு ஆறு தூண்கள் நாட்டப்பட்டன. எஞ்சியது இது ஒன்றே. இதற்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடைப்பட்ட பூமியில் எவரும் வீடு கட்டலாகாது என்பதே அன்று அதன் கட்டளை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததையும், 1758-ஆம் வருஷக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சேனை, சுதேசிகள் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்துத் தெருக்களில் மறைந்துகொண்டு முற்றுகையிட்டதையும் அனுபவித்தறிந்த கிழக்கிந்தியக் கும்பினியார், பீரங்கிகளின் பார்வைக்கு மறைவாக ஒரு சுவர்கூட எதிரே இருத்தல் ஆகாதென்று தீர்மானித்தனர். ஆனால் அந்த வெட்டவெளி ஆதியில் வெட்டவெளியன்று. இன்று உயர்நீதிமன்றம் எழுந்திருக்கும் அவ்விடத்தில்தான் பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. நெசவாளரும் துபாஷிகளும் வர்த்தகரும் குடியிருந்த தெருக்கள் இருந்தன. அவற்றின் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இருந்தது. வீடுகள் இடிக்கப்பட்டபோது கோயிலும் தப்பவில்லை. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் பெருமுயற்சியால் பூக்கடைப் பக்கத்தில் பெருமாளுக்கும் மல்லிகேசுவரருக்குமாக இரட்டைக் கோயில்கள் எழுந்தன. ஜனங்கள் அவற்றைப் பட்டணங் கோயில் என்றே வழங்கிவந்தனர். தெய்வமும் குடிகளும் இடம் பெயர்ந்த அந்தப் பெருந் துயரத்தைப் பற்றி அத்தூணில் ஓர் எழுத்தும் இல்லை. எனினும் அது நிற்கும் இடமே அதற்குச் சாக்ஷி. கட்டடமே கூடாதென்று காவல் காத்த அப்பூமியில், 1844-இல் கலங்கரை விளக்கத் தூணும், 1892-இல் சிவந்த கோபுரங்களோடு கூடிய நீதிஸ்தலமும் எழும்பின.

நுங்கம்பாக்கத்தில், வானிலை அலுவலக வளாகத்தினுள் இருப்பது இரண்டாவது கல். பத்து டன் எடையுள்ள ஒரே கருங்கல் தூண். 1792-இல் மைக்கேல் டாப்பிங் அமைத்த வான ஆராய்ச்சி சாலையில், நக்ஷத்திரங்கள் உச்சி ரேகையைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் தூரதிருஷ்டிக் கருவியைத் தாங்கியது அதுவே. மயிரிழை அசைந்தாலும் கணக்குப் பிசகும் என்பதால்தான் இவ்வளவு பாரமான கல் தேவைப்பட்டது. பரங்கிமலை அருகே 1802-இல் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை இந்த ஆராய்ச்சி சாலையின் தீர்க்கரேகையையே ஆதாரமாகக் கொண்டது. ரயில் வண்டிகளும் நெடுநாள் சென்னை நேரத்தையே பின்பற்றி ஓடின. இங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-இல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அந்தத் தூணில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் சாஸனம் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு அப்பால் வரும் சந்ததியார் கணித சாஸ்திரம் ஆசியாவில் எப்போது ஊன்றப்பட்டதென்று அறியவேண்டும் என்பது பொறித்தவர்களின் ஆசை. ஆர்யபடரும் பாஸ்கரரும் பிறந்த தேசத்தில் கணித சாஸ்திரத்தைத் தாங்களே முதன்முதல் ஊன்றியதாக எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல் பிசகாமல் செய்த வேலையையோ நான் வணங்குகிறேன்.

மூன்றாவது, கல் என்று சொல்வதற்கும் சிறியது. உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் பதித்த ஒரு பலகை. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, கேப்டன் முல்லர் செலுத்திவந்த எம்டன் என்னும் ஜெர்மானிய யுத்தக் கப்பல் இருட்டில் கரையை அணுகி, சில நிமிஷங்களே குண்டு பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைத் தீக்கிரையாக்கிவிட்டு மறைந்தது. குண்டு ஒன்று விழுந்த ஸ்தலத்தை அப்பலகை குறிக்கிறது. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். கப்பல் அவ்வருஷம் நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே அழிந்தது. பலகையை நின்று படிப்பவர் மிகச் சிலர். ஆனால் கப்பலைக் கண்ணால் கண்டிராத கிராமத்துப் பாட்டியும், எதற்கும் அஞ்சாமல் எவரையும் ஏய்த்துவரும் பேரனைப் பார்த்து, “அவன் சரியான எம்டன்!” என்கிறாள்.