கணவாயும் சேரநாட்டுத் தொன்மையும்

பேராறுகளின் வண்டற் சமவெளிகளே தொன்மை நாகரிகங்களின் தொட்டில் என்பது நைல், யூப்ரடீசு, சிந்து ஆகியவற்றைக் கொண்டு நிறுவப்பெற்ற கருத்தாகும். சேரநாட்டிற்கு இது முழுதும் பொருந்துவதில்லை. இன்றைய கேரளத்தின் மிக நீண்ட ஆறாகிய பெரியாறே 244 கிலோமீட்டர்தான். எனினும் அதன் கழிமுகத்தை ஒட்டியே முசிறி வளர்ந்தது. இதற்குரிய காரணத்தை ஆற்றில் மட்டுமன்றி மலையிலும் தேடுதல் வேண்டும்.

ஆனைமுடி (2,695 மீட்டர்), தொட்டபெட்டா (2,637 மீட்டர்) ஆகிய சிகரங்களுக்கு இடையே மலைத்தொடர் திடீரெனத் தாழ்ந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயாகிறது. அதன் கிழக்கே நொய்யற்கரையில் கொடுமணலும் அமராவதிக்கரையில் கரூரும் உள்ளன. 1985 முதல் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புத் தொழிலுக்கும் மணித் தொழிலுக்கும் சான்றுகள் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. கோவை வட்டாரத்தில் உரோமானிய நாணயக் குவியல்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. மேற்கே, முசிறியின் பகுதி எனப் பலரும் கருதும் பட்டணத்தில் 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள், மத்தியதரைக்கடற் பகுதியின் மதுச்சாடி ஓடுகளை அளித்தன. மிளகு மேற்குச் சரிவிலேயே விளைவது; அதற்குக் கணவாய் தேவையில்லை. ஆனால் கொங்குநாட்டு மணிக்கற்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கலங்களை அடைவதற்கு இதனினும் எளிய தரைவழி வேறில்லை.

மொழியும் இங்குச் சான்று கூறுகிறது. கீழ் என்பதினின்று கிழக்கும், மேல் என்பதினின்று மேற்கும் பிறந்தன. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உடைய தமிழ்நிலத்திற்கு இவை இயல்பானவை. திருவனந்தபுரத்திலோ உயர்ந்த மலை கிழக்கே உள்ளது; ஆயினும் மலையாளத்தில் அத்திசை கிழக்கு என்றே வழங்குகிறது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதனைச் சுட்டி, மலையாளிகளின் முன்னோர் கிழக்கிலிருந்து வந்தனர் என முடிவு கட்டினார்.

இம்முடிபு சான்றின் எல்லையைக் கடந்தது என்பது என் கருத்து. சொல் எந்நிலத்தில் பிறந்தது என்பதையே அதன் அமைப்புக் காட்டும். அதனைச் சுமந்தவர் யாவர், எப்போது வந்தனர் என்பதைக் காட்டாது. மக்கள் பெருந்திரளாகப் பெயராமலே, கணவாய்வழி இடையறாது நிகழ்ந்த போக்குவரத்தாலும் ஒரே பேச்சு இருபுறமும் நிலைபெற்றிருக்கலாம். மேலும், கால்டுவெல்லின் வாதத்தில் கிழக்கிற்குக் கிடைத்த இடம் மேற்கிற்கும் உரியது. மலையாளத்தில் மேற்கிற்குப் பெருவழக்காக உள்ள சொல் படிஞ்ஞாறு. ஞாயிறு படும் திசை என்பது பொருள். அரபிக்கடலில் கதிரவன் மறைவதை நாள்தோறும் கண்டவர்க்கு மலையை நினைவூட்டும் பழைய பெயர் வேண்டாததாயிற்று போலும்.