மைக்ரோகிளியா: மூளை அழற்சியும் கணினிவழிப் படப் பகுப்பாய்வும்

மைக்ரோகிளியா மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள். ஸ்பெயின் அறிவியலாளர் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா 1919இல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். நலமான மூளையில் சிறிய உடலும் கிளைவிட்ட மெல்லிய இழைகளுமாக இருக்கும். அழற்சியின்போது உடல் பருத்து, இழைகள் குறுகித் தடிக்கும். அல்சைமர் நோயில் அமிலாய்டு படிவுகளைச் சுற்றி இவை மொய்க்கும். மைக்ரோகிளியாவில் செயல்படும் டிரெம்2 மரபணுவின் சில திரிபுகள் அந்நோயின் ஆபத்தைக் கூட்டுவதாக 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டியபின், அழற்சி வெறும் பின்விளைவே என்ற எண்ணம் தளர்ந்தது.

ஐபிஏ1 புரதத்துக்குச் சாயமேற்றினால் திசுச் சீவலில் இச்செல்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு சீவலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். கண்ணால் எண்ணுவது சலிப்பூட்டும் வேலை. ஆளுக்கு ஆள் கணக்கும் மாறும். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015இல் உருவான யூ-நெட் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒவ்வொரு செல்லின் எல்லையையும் பிரித்தெடுக்கின்றன. பிறகு பரப்பு, கிளைகளின் எண்ணிக்கை, அமிலாய்டு படிவிலிருந்து உள்ள தொலைவு ஆகியவை அளக்கப்படுகின்றன. சாயத்தின் அடர்த்தியோ ஸ்கேனரோ மாறினால் மாதிரி தடுமாறுவதுண்டு. மேலும், உருவத்தை மட்டும் வைத்து ஒரு செல் மூளையைக் காக்கிறதா கெடுக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மரபணு வெளிப்பாட்டுத் தரவும் வேண்டும்.