எது அந்த வண்டி? லேண்ட்ரோவர் சேஸிஸும் எட்டுப் புள்ளிக் கணக்கும்

ஒரு வண்டியோட எஞ்சினை மாத்தினா அது அதே வண்டிதானா? சரி, கியர்பாக்ஸையும் மாத்தினா? ஆக்சிலையும் மாத்தினா? கடைசியில் சேஸிஸையே வெட்டி ஒட்டிட்டா? தத்துவ வகுப்பில் இதை ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பதில் இல்லாமலே கலைந்து போகலாம். வண்டிக்கு நம்பர் கொடுக்கும் அலுவலகத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆமா, இல்லை என்று ஏதாவது ஒன்றை எழுதி முத்திரை குத்தியாக வேண்டும்.

பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு மார்க் போட்டுப் பதில் சொன்னார்கள். அந்த மார்க் முறையில் அதிகமாக மாட்டிக்கொண்ட வண்டிகளில் ஒன்று, பழைய லேண்ட்ரோவர் பிக்கப். ஏன் அந்த வண்டி என்பதற்கு அது பிறந்த கதையிலிருந்து தொடங்கணும்.

அலுமினிய உடம்பு, இரும்பு எலும்பு

1947. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில், ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். இதே மாதிரி விவசாயிக்கு ஒரு வண்டி நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. முதல் சோதனை வண்டி ஒரு ஜீப் சேஸிஸ் மேலேயே கட்டப்பட்டது. கவனிங்க, லேண்ட்ரோவரின் ஆரம்பமே இன்னொருத்தர் சேஸிஸில் செய்த மாடிஃபிகேஷன்தான்.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. வீல்பேஸ் 80 அங்குலம். போர் முடிந்த காலம், பிரிட்டனில் எஃகு ரேஷனில் கிடைத்தது. அலுமினியம் ஓரளவு தாராளம். அதனால் உடம்பு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் ஆனது. சேஸிஸுக்கு மட்டும் எஃகு. பெரிய பிரஸ் அச்சுகளுக்குச் செலவு செய்ய முடியாததால், தட்டையான எஃகுப் பட்டைகளை நாலு பக்கமும் வெல்டிங் செய்து பெட்டி போலாக்கி, ஏணி வடிவில் கோர்த்தார்கள்.

மலிவான, உறுதியான வழி. ஆனால் உள்ளே காலியாக இருக்கும் பெட்டிக்குள் சேறும் ஈரமும் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் பனி உருக பிரிட்டிஷ் சாலைகளில் உப்பு கொட்டுவார்கள், அதுவும் சேர்ந்தால் சேஸிஸ் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே உடம்பு அறுபது வருஷம் கழித்தும் நன்றாக இருக்கும், கீழே சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். வழக்கமான பழைய கார்களுக்கு இது தலைகீழ். அங்கே முதலில் போவது பாடிதான்.

சிக்கல் எங்கேன்னா, சட்டத்தின் கண்ணில் வண்டியின் அடையாளம் பதிந்திருப்பது சேஸிஸில். நம்ம மொழியில் சொன்னால், டேபிளோட பிரைமரி கீயை, எது சீக்கிரம் அழியுமோ அந்தப் பத்தியில் கொண்டுபோய் வைத்த மாதிரி.

வெட்டியவர்கள் ஏன் வெட்டினார்கள்?

1950களில் 107 அங்குல பிக்கப் வந்தது. 1956ல் வீல்பேஸ்கள் 88, 109 என்று மாறின. எல்லாமே லீஃப் ஸ்பிரிங் வண்டிகள். கல்லு ரோட்டில் போனால் முதுகு பேசும். 1970ல் அதே கம்பெனி ரேஞ்ச்ரோவரைக் கொண்டுவந்தது. காயில் ஸ்பிரிங், சொகுசு, வீல்பேஸ் 100 அங்குலம். இந்த வண்டிக்கு விதி நேர் எதிர். பாடியில் இருந்த எஃகுப் பாகங்கள் சீக்கிரம் மக்கின. சேஸிஸ் அதைவிட நன்றாகத் தாங்கியது.

ஒரு பக்கம் நல்ல உடம்பும் செத்த எலும்பும், இன்னொரு பக்கம் செத்த உடம்பும் நல்ல எலும்பும். வெல்டிங் தெரிந்தவன் சும்மா இருப்பானா? ரேஞ்ச்ரோவர் சேஸிஸில் 12 அங்குலம் வெட்டினால் 88 அங்குல உடம்பு அப்படியே உட்காரும். இப்படிச் செய்த வண்டிகளை ஹைபிரிட் என்றார்கள். இன்றைய பேட்டரி ஹைபிரிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

ஆசைக்கு மேல் காசும் சேர்ந்தது. 1990களின் நடுவில் பிரிட்டன் 25 வயது தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரியை நீக்கியது. 1997 பட்ஜெட்டில் அந்தக் கோட்டை நிறுத்தி, 1973 ஜனவரி 1-க்கு முன் தயாரானவைக்கு மட்டும் என்றாக்கினார்கள். 2014ல் மறுபடி 40 வருஷம் என்று நகரும் கோடாக மாற்றினார்கள். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது வண்டிகளுக்கு எம்.ஓ.டி. சோதனையும் தேவையில்லை. அது நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி, ஆனால் சொந்தக் காருக்கும் வருஷா வருஷம் உண்டு. கடந்த 30 வருஷத்துக்குள் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை.

ஆக 1965ல் பதிவான நம்பர் என்பது வெறும் பெருமை கிடையாது, வருஷா வருஷம் மிச்சமாகும் பணம். 1980களின் சேஸிஸில் 1965ன் நம்பரை ஒட்டி ஓட்டினால் அது ஒருவகை மோசடி. திருட்டு வண்டிக்குப் புது அடையாளம் கொடுப்பதும் இதே வழியில்தான்.

பதினாலுக்கு எட்டு

டி.வி.எல்.ஏ. என்பது பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம், ஸ்வான்சி நகரில் இருக்கிறது. அது வைத்த கணக்கு இது:

- சேஸிஸ் (பழையது அல்லது அதே அளவில் புத்தம் புதியது): 5
- சஸ்பென்ஷன் (முன், பின்): 2
- ஆக்சில்கள் (இரண்டும்): 2
- கியர்பாக்ஸ் வகையறா: 2
- ஸ்டீயரிங்: 2
- எஞ்சின்: 1

மொத்தம் 14. பழைய நம்பரைத் தக்கவைக்க 8 வேண்டியிருந்தது. பட்டியலில் பாடிக்கு ஒரு புள்ளிகூட இல்லை பாருங்க. தனி சேஸிஸ் உள்ள வண்டியில், நாம் கண்ணால் பார்த்து "லேண்ட்ரோவர்" என்று சொல்கிற பகுதிக்கு மதிப்பு பூஜ்யம்!

ஒரு 109 பிக்கப்பை எடுத்துக்குவோம். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டிஸ்கவரியின் டீசல் எஞ்சினை வைத்தால் 13. கியர்பாக்ஸும் மாறினால் 11. பவர் ஸ்டீயரிங்குக்காக ஸ்டீயரிங் முழுசும் மாறினால் 9. இன்னும் பாஸ்தான். துருப்பிடித்த சேஸிஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, துத்தநாகப் பூச்சு போட்ட, அதே வடிவப் புது சேஸிஸை ரசீதோடு வாங்கி மாட்டினாலும் அந்த 5 கிடைக்கும்.

ஆனால் சேஸிஸை வெட்டினால் கதை வேறு. மற்ற எல்லாம் ஒரிஜினல் என்றால் கூட்டுத்தொகை 9 வருகிறது, எட்டைத் தாண்டிவிட்டது. இருந்தும் ஃபெயில். ஏன்னா புள்ளிகளுக்கு மேல் இன்னொரு நிபந்தனை: சேஸிஸ் மாற்றப்படாததாக இருக்க வேண்டியிருந்தது. காயில் ஸ்பிரிங் பொருத்த ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்தாலே அது 'மாற்றப்பட்ட சேஸிஸ்' தானே என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும்.

தோற்ற வண்டிக்கு ஐ.வி.ஏ. என்ற தனிச் சோதனை, அப்புறம் கியூ எழுத்தில் தொடங்கும் நம்பர். பிரிட்டனில் 2001 வரை நம்பரில் உள்ள எழுத்து வருஷத்தைச் சொன்னது. 1983ல் வந்த கியூ மட்டும், இந்த வண்டிக்கு வயசோ அடையாளமோ உறுதியில்லை என்று சொல்லும். வரிச் சலுகை போகும், விற்கும்போது விலையும் விழும்.

யோசித்துப் பார்த்தால், வில்க்ஸின் ஜீப் சேஸிஸ் வண்டியும் அந்தக் கவுன்டருக்குப் போயிருந்தால் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இங்கே எப்படி?

நம்ம நாட்டில் புள்ளிக் கணக்கே கிடையாது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புக்கில் உள்ளதற்கும் முரண் வருமாறு வண்டியை மாற்றக்கூடாது. எரிபொருள் மாற்றத்துக்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் சில நிபந்தனைகளோடு வழி உண்டு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அழுத்தமாக உறுதி செய்தது. பெயின்ட் மாதிரி சின்ன மாற்றங்கள் பரவாயில்லை, கட்டமைப்பில் கைவைக்கக்கூடாது. அதே வருஷத் திருத்தத்தில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது.

2021ல் வந்த வின்டேஜ் விதி 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு தருகிறது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறியிருக்கக்கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ மலைக்கு இன்றும் பழைய லேண்ட்ரோவர்கள் ஆள் ஏற்றிப் போகின்றன. பலவற்றில் எஞ்சின் எப்போதோ மாறிவிட்டது. மாறியதால்தான் அவை பிழைத்தன. ஆனால் வின்டேஜ் என்ற மரியாதை கிடைப்பது, மாறாமல் கொட்டகையில் தூங்கிய வண்டிக்கு.

பிரிட்டன் இதை மறுபடி யோசித்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த புது விதிப்படி, அதே வடிவில் பழுதுபார்த்த பழைய வண்டிக்குத் தகவல்கூடச் சொல்ல வேண்டாம். கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்த வண்டி, முறையாகத் தெரிவித்தால் பழைய அடையாளத்தோடு தொடரலாம். ஒளித்து வைக்க வைப்பதைவிட எழுதி வாங்குவது மேல் என்ற முடிவு. எனக்கு இது சரியாகப் படுகிறது. வெல்டிங் எங்கே நடந்தது என்று ரெக்கார்டில் இருந்தால், அடுத்து வாங்குபவருக்குத் தான் எதன்மேல் உட்கார்ந்து மலையேறுகிறோம் என்பதாவது தெரியும்.

பழைய ஜீப்போ பிக்கப்போ வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பெயின்டைப் பார்க்கும் முன் கீழே குனிந்து சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் பாருங்க. அது ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகுதா, சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கா என்று பாருங்க. விலை பேசுவதெல்லாம் அதுக்கப்புறம்.