சென்னை டூ பெங்களூரு: சம்பளம் கூடுது... கையில எவ்வளவு நிற்கும்?

சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு வேலை மாறுகிறீர்களா? வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. மாநிலம் மாறும்போது சலுகைகளும் மாறும்.

அட்வான்ஸ்: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பெங்களூருவில் 10 மாதம் கேட்பவர்களும் உண்டு. வாடகை ரூ.20,000 என்றால், ரூ.60,000 எங்கே, ரூ.2 லட்சம் எங்கே! சம்பளம் மாதம் ரூ.10,000 கூடினாலும், 14 மாத உயர்வு இதிலேயே முடங்கிடும்.

பஸ்: கர்நாடகாவின் 'சக்தி' இலவசப் பயணம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே. தமிழ்நாட்டு முகவரி அட்டை இருந்தால் டிக்கெட் எடுக்கணும்.

ரேஷன்: 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தகுதியுள்ள அட்டைக்கு அங்கேயும் தானியம் கிடைக்கும். தமிழ்நாடு தரும் துவரம் பருப்பு, பாமாயில் கிடைக்காது.

மின்சாரம்: இங்கே 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கே மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு 'கிருஹ ஜோதி' சலுகை. வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். வெயில் குறைவு என்பதால் ஏசி செலவும் மிச்சம்.

வண்டி: 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் பதிவை மாற்றி, சாலை வரி கட்டணும்.

கடைசியாக, ஆபீஸ் தூரம். வாடகை குறைவுன்னு தள்ளிப் போய் வீடு பிடித்தால், மிச்சமாகும் பணத்துக்கு விலை டிராஃபிக்கில் போகும் நேரம்தான்.