மூடு வண்டியும் சைக்கிளும்

ஒரு கல்லூரிக்கு எத்தனை வாசல்கள் வேண்டும்? கட்டிட மேஸ்திரியைக் கேட்டால், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதும் என்பார். புதுக்கோட்டையின் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. படிக்க வருகிறவர்கள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ஊரிலே கிடக்கும் அறிவு உள்ளே வர ஒரு வாசல் வேண்டும். கற்றது ஊருக்குத் திரும்பிப் போக மூன்றாவதாக ஒரு வாசலும் வேண்டும். புதுக்கோட்டையில் இந்த மூன்றும் ஒரே நாளில் திறக்கவில்லை. முதல் வாசலுக்கும் மூன்றாவது வாசலுக்கும் நடுவே ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதல் வாசலைத் தட்டியவள் ஒரு பெண். 1886-ல் பிறந்த முத்துலட்சுமி, பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வளர்த்த குலத்தில் தோன்றியவர். பதின்மூன்று வயதோடு பெண்ணின் பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால் வீட்டுக்குள் பாடம் நிற்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு, 1904-ஆம் ஆண்டு வாக்கில், அந்தக் கல்லூரியிலேயே சேர மனுப் போட்டார். அப்போதைய கல்லூரித் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற மாணவர்களின் பெற்றோர்களுக்கும் பிடிக்கவில்லை. பெண் என்பது ஒரு குறை. தாயாரின் குலம் மற்றொரு குறை! அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு இடமும் கொடுத்தார், உபகாரச் சம்பளமும் கொடுத்தார்.

இடம் கிடைத்தது என்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. மூடு வண்டியில் போக வேண்டும். வகுப்பிலே திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஆசிரியரின் குரல் மட்டும் திரையைத் தாண்டி வரும். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து எழுந்த பெண்தான் 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஒரு வாசலை ஒரே ஒரு முறை திறந்ததன் பலன் இவ்வளவு.

இரண்டாவது வாசல் சற்று அமைதியாகத் திறந்தது. கல்லூரியின் தலைவராயிருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்துக் கல்லூரிகளில் சரித்திரம் என்றால் இங்கிலாந்து அரசர்களின் வரிசை; கவிதை என்றால் அந்த நாட்டுப் பூக்கள். அப்படிப்பட்ட வகுப்பறையின் ஜன்னல் வழியே ஒரு கல்லூரித் தலைவர் வெளியே எட்டிப் பார்த்தாரே, அதைச் சின்னக் காரியம் என்று சொல்ல முடியுமா?

வெளியே பார்ப்பதற்கு என்னதான் இல்லை? சித்தன்னவாசலில் சமணர்களின் குகையும் ஓவியமும். குடுமியான்மலையில் பாறையிலே பொறித்த இசைக் கல்வெட்டு. கொடும்பாளூரில் மூவர் கோயில். நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரம். இவற்றை ஒரு துறைப் புலவர் மட்டும் படித்துவிட முடியாது. எழுத்தைப் படிக்கத் தமிழோடு கிரந்தமும் தெரிய வேண்டும். குடுமியான்மலைப் பாறையின் பொருள் விளங்கச் சங்கீத ஞானம் வேண்டும். ஏரியையும் மடையையும் பற்றிய சாசனம் புரிய வேண்டுமானால் பக்கத்து வயலில் ஏர் பிடிக்கிறவரைத்தான் கேட்க வேண்டும். பல துறைகளைச் சேர்த்துப் பண்பாட்டைக் கற்பிக்க வேண்டும் என்று இன்று புதிதாகப் பேசுகிறோம். புதுக்கோட்டைப் பாறைகள் வெகு காலமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன! 1929-ல் சமஸ்தானத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுக்களின் வாசகங்களை அச்சிட்டு வெளியிட்டது அந்தத் திசையில் ஒரு பெரிய முயற்சி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராதாகிருஷ்ண ஐயரின் நூல் ஆங்கிலத்தில் இருந்தது. கல்லும் கதையும் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தன, புத்தகமாயின, அலமாரியில் ஏறின. குடுமியான்மலையில் ஆடு மேய்க்கிற பெண்ணுக்கு என்ன திரும்பக் கிடைத்தது? பாறை எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதியதைப் படிக்க அவளுக்குத் தெரியாது. சரித்திரம் அவளுடையது, புத்தகம் வேறொருவருடையது.

மூன்றாவது வாசல் 1991-ல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உற்சாகம் இங்கேயும் பரவியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஒரு பக்கம், அறிவியல் இயக்கத்தார் ஒரு பக்கம், ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் இளம் பெண்களும் மற்றொரு பக்கம் என்று சேர்ந்து அறிவொளி இயக்கம் நடந்தது. பாட்டும் தெரு நாடகமுமாக ஊர் ஊராகப் போனார்கள். பகலில் கல்லுடைத்துவிட்டும் களை பறித்துவிட்டும் வருகிற பெண்களுக்கு இரவில் விளக்கடியில் பாடம்.

அந்தப் பாடம் 'அ'னாவில் ஆரம்பிக்கவில்லை. 'பட்டா', 'படி' என்று ஆரம்பித்தது. பிரேசில் நாட்டிலே பாவ்லோ பிரைரே என்ற ஆசிரியர் 1963-ல் ஏழை உழவர்களுக்கு இப்படித்தான் கற்பித்தார்: கற்கிறவனுடைய வாழ்க்கையில் எந்தச் சொல் கனக்கிறதோ, அந்தச் சொல்லையே முதற் பாடமாக வை என்பது அவர் கொள்கை. மறு வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்குச் சிறையா என்று வியக்க வேண்டாம். காணி நிலம் இல்லாத ஒருத்தி 'பட்டா' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தால், அடுத்த நிமிஷம் அவள் என்ன கேட்பாள் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியும்.

பாடத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. பாடப் புத்தகத்தை விடச் சைக்கிள் வேகமாகப் பரவிற்று! பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து, 1996-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள், 70,000 பேருக்கு மேல் பொது மைதானங்களில் ஓட்டிக் காட்டினார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்காமற் போனபோது ஆண்கள் சைக்கிளிலே ஏறினார்கள். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். பரிகாசம் செய்தவர்கள் இல்லாமலில்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமானதும், தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சக்கரத்தில் ஏறியதும், பரிகாசம் தானே ஓய்ந்தது. மூடு வண்டியில் ஒருத்தி ஒளிந்து போன அதே ஊர்ச் சாலையில், 90 ஆண்டுகளுக்குள், பெண்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

இயக்கத்தின் வேகம் பிற்காலத்தில் தணிந்தது உண்மைதான். படிக்க ஏதும் கிடைக்காவிட்டால் கற்ற எழுத்து மறந்து போகும். ஆனாலும், பிரான்சிஸ் கோடி என்ற மானிட இயல் அறிஞர் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து, 2013-ல் ஒரு நூலே எழுதினார். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போன பெண்கள் அதில் வருகிறார்கள். கற்பிக்கப் போனவர்கள் ஊரின் பேச்சுக்கும் வழக்கத்துக்கும் தக்கபடி தங்கள் பாடத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்த கதையும் வருகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான்.

மகாராஜா கல்லூரி இன்று மாமன்னர் கல்லூரி என்ற பெயரில் அரசாங்கக் கல்லூரியாக நடக்கிறது. அங்கே மட்டுமல்ல, 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது முதல், பல கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் கிராமங்களுக்கு முகாம் போகிறார்கள். குளம் தூர்வாருகிறார்கள், மரம் நடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் குளத்தை வெட்டியது யார், அதற்கு மடை திறக்கிறவர் யார், அவர் குலத்தைக் கரையின் எந்தப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களா? கேட்டதை வகுப்பில் எழுதி, எழுதியதை அந்த ஊரிலேயே திரும்பப் போய்ப் படித்துக் காட்டுகிறார்களா? "தம்பி, நீ எழுதினது தப்பு" என்று ஒரு கிழவி திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கு மார்க் உண்டா?

அது உண்டு என்று ஆகிற நாளில்தான் மூன்று வாசல்களும் ஒன்றாகத் திறந்திருக்கும். அதுவரையில் ஊருக்குக் கல்லூரி ஒரு கட்டிடம். கல்லூரிக்கு ஊர் ஒரு சாலை, அவ்வளவுதான்.